மேற்கோளில் நிற்பது யார் பெயர்?

ஆய்வுக் கட்டுரைக்கு எந்த மேற்கோள் முறை நல்லது என்று சிட்னியிலும் மெல்பர்னிலும் படிக்கும் நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். உங்கள் துறை எதைக் கேட்கிறதோ அதுதான். ஆனால், அந்த முறைகளின் வரலாற்றில் தமிழர்களுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது.

1881இல் ஹார்வர்ட் விலங்கியலாளர் எட்வர்ட் லாரன்ஸ் மார்க், ஓடில்லாத நத்தை ஒன்றைப் பற்றிய கட்டுரையில் ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் எழுதினார். ஹார்வர்ட் முறையின் தொடக்கமாக அதைத்தான் சொல்வார்கள். 1929இல் அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட சில பக்க விதிகள் வளர்ந்து ஏபிஏ முறை ஆயின. 1978இல் மருத்துவ இதழாசிரியர்கள் கனடாவின் வான்கூவரில் கூடினார்கள். செவிலியரான நான் மருத்துவ இதழ்களில் அன்றாடம் பார்க்கும் எண்முறைக்கு அந்த ஊரின் பெயரே நின்றுவிட்டது.

மூன்றும் ஒன்றுபடும் இடம், நூற்பட்டியல். அங்கே குடும்பப் பெயர்தான் முதலில் வரும். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தலைப்பெழுத்து அப்பாவுடையது, பெயர் நம்முடையது.

இயற்பியலாளர் சுப்ரமணியன் சந்திரசேகரை எடுத்துக்கொள்ளுங்கள். சுப்ரமணியன் என்பது தந்தை பெயர். நம் வழக்கப்படி அது முன்னால் நின்றதால், மேலைநாட்டுப் பட்டியல்களில் குடும்பப் பெயரின் இடத்தில் அவருடைய சொந்தப் பெயரே அமைந்தது. 1983இல் நோபல் பரிசு பெற்ற அவரைச் 'சந்திரசேகர் எல்லை' என்ற சொல்லாலேயே உலகம் அறிகிறது.

இன்று இங்கே படிவம் நிரப்பும்போது நாம் தலைகீழாக எழுதுகிறோம். அந்தோணிமுத்துவின் மகள் மேரி, 'மேரி அந்தோணிமுத்து' ஆகிறாள். அவள் ஆய்வு 'அந்தோணிமுத்து, 2019' என்று மேற்கோளாகிறது. திருமணத்துக்குப் பின் கணவர் பெயருக்கு மாறினால், ஒருத்தியின் உழைப்பு இரண்டு பேருடையதாகத் தெரியும். வேலைக்கோ உதவித்தொகைக்கோ விண்ணப்பிக்கும்போது பாதிக் கட்டுரைகள் கணக்கில் வராமல் போகலாம். இது பெண்களுக்கே அதிகம் நேர்கிறது.

2012இல் வந்த ஆர்கிட் என்னும் 16 இலக்க அடையாள எண் இதற்கு ஓரளவு தீர்வு. பெயர் மாறினாலும் எண் மாறாது. பதிவும் இலவசம்.

எனவே, முதல் கட்டுரையை அனுப்புவதற்கு முன்பே உங்கள் பெயரை எப்படி எழுதுவது என்று முடிவுசெய்யுங்கள், பிறகு மாற்றாதீர்கள். மற்ற தமிழரை மேற்கோள் காட்டும்போது, எது அவர் பெயர், எது அவர் அப்பா பெயர் என்று பார்த்து எழுதுங்கள்.