சாம்பல் ஈர்த்த கல்லும் சரியும் மலைகளும்

இலங்கை மலைநாட்டின் வரலாற்றைக் கோப்பியோடும் தேயிலையோடும் தொடங்குவதே நம்மிடையே வழக்கமாகிவிட்டது. எனினும், 1867இல் யேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிடுவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே இந்நாட்டுக் கல்லொன்று ஐரோப்பிய அறிஞரின் கவனத்தை ஈர்த்திருந்தது. மலைப்பாறைகள் சிதைந்து ஆறுகளால் உருட்டப்பட்ட சரளையிற் கிடைக்கும் மணிகளுள் அதுவும் ஒன்று. மலைகள் கண்டியரசின் வசமும் கரையோரம் ஒல்லாந்தர் வசமும் இருந்த காலம் அது.

1703இல் ஒல்லாந்தர் இக்கல்லை இலங்கையிலிருந்து கொண்டுசென்றனர் என 1707இல் வெளிவந்த யேர்மன் நூலொன்று கூறுகின்றது. தணலருகே சூடேறிய கல் சாம்பலைத் தன்பால் இழுத்துப் பின் உதறித் தள்ளிற்று. ஆதலின் அதனைச் 'சாம்பல் இழுப்பான்' என்றழைத்தனர். தோரமல்லி என்னும் சிங்களப் பெயரே 'தூர்மலின்' எனத் திரிந்து உலகமெங்கும் வழங்கலாயிற்று. இலங்கை வணிகரோ அப்பெயரைப் பலவகை மணிகளுக்கும் பொதுவாக வழங்கினர் என்பது சுவையான செய்தி. 1747இல் லின்னேயசு இலங்கைத் தாவரங்கள் பற்றிய தம் நூலில் இதனை மின்கல் எனக் குறித்தார். 1756இல் ஈப்பினசு என்பார், சூடேறிய கல்லின் இரு முனைகளும் எதிரெதிர் மின்னேற்றம் பெறுவதைக் காட்டினார்.

வெப்பத்தால் மின் பிறக்குமாயின் அமுக்கத்தால் பிறவாதோ? யாக் கியூரி, பியர் கியூரி ஆகிய சகோதரர் 1880இல் இவ்வினாவுக்கு விடை கண்டனர். தூர்மலின், குவார்ட்சு முதலிய பளிங்குகளை அமுக்கியபோது அவற்றின் முகங்களில் மின்னேற்றம் தோன்றிற்று. மின்னழுத்தம் கொடுப்பின் பளிங்கு சுருங்கி விரியும் என்பது மறு ஆண்டில் உறுதியாயிற்று. முதலாம் உலகப் போரில் இலாஞ்செவன் நீர்மூழ்கிகளைத் தேட குவார்ட்சினையே பயன்படுத்தினார். எப்புறமும் ஒருங்கே வரும் நீரமுக்கத்துக்குக் குவார்ட்சு மின் தராது, தூர்மலின் தரும். அதனால் நீரடி வெடிப்புகளின் அமுக்கத்தை அளக்கும் பணி அதற்கு வாய்த்தது. பின்னர் செயற்கை மட்பொருள்கள் பெரும்பாலான பணிகளைக் கைக்கொண்டன. கர்ப்பிணியைச் சோதிக்கும் மீயொலிக் கருவியிலும், வாயு அடுப்பைப் பற்றவைக்கும் பொறியிலும் இன்றுள்ளவை அவையே.

கல்லின் தாய்மண்ணுக்கு மீள்வோம். பொகவந்தலாவையில் தேயிலை நிலங்களிலும் கெசல்கமுவ ஓயாவின் கரைகளிலும் திருட்டுத்தனமாக மாணிக்கம் அகழப்படுவது பழகிப்போன செய்தி. கரை இடிவதும் நீர் கலங்குவதும் தோட்டத்து மக்களுக்கு எஞ்சுகின்றன.

அமுக்கமின் ஆய்வு இம்மக்களுக்குப் பயன்படக்கூடிய துறையொன்று உண்டு. சரிவில் உருக்குக் குழாயை இறக்கி அதனைச் சூழச் சரளையை இட்டால், மண் அசையும்போது சரளை உராயும். அவ்வொலி குழாய்வழியே மேலேறும்; காதுக்கு எட்டாத அதனை அமுக்கமின் உணரி மின்குறியாக மாற்றும். பிறநாட்டுச் சரிவுகளில் இம்முறை சோதித்துப் பார்க்கப்பட்டுள்ளது. நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் எச்சரிக்கைகள் பெரும்பாலும் மழைவீழ்ச்சியின் அளவைக் கொண்டே விடுக்கப்படுகின்றன.

ஆயினும் கருவியின்மையை மட்டும் குறைகூறுதல் பொருந்தாது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன்களை மண் மூடிற்று. அவ்விடம் ஆபத்தானதென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே எச்சரித்திருந்தது. வெளியேறச் சொன்னால் எங்கே போவது? லயன் அறையும் அது நிற்கும் நிலமும் தொழிலாளிக்கு உரியனவல்ல. மீரியபெத்தையில் உயிர் தப்பியோருக்குப் புதுவீடுகள் கிடைத்தது 2016இலேயே.