கொழுப்பை எரிக்கும் உடலும் பிள்ளைகளின் இரவு உணவும்

தானா ராத்தாவின் காலைக் குளிரில் வெறும் வயிற்றோடு வகுப்பில் அமரும் பிள்ளையைத் தோட்டப் பள்ளி ஆசிரியர் எவரும் அறிவர். இரவும் உண்ணாது உறங்கிய பிள்ளையின் உடல் எதைக் கொண்டு விடியும்வரை இயங்கிற்று? இதற்கு விடை கண்ட வரலாறு நாம் அறிய வேண்டுவதொன்றாகும்.

சிறு பிள்ளையின் ஈரலில் சேர்ந்துள்ள சர்க்கரை ஓரிரவுக்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பின்னர் உடல் கொழுப்பை எரிக்கும். கொழுப்பு அமிலம் கார்பன் அணுக்கள் கோத்த சங்கிலி. 1904இல் ஜெர்மானிய அறிஞர் பிரான்ஸ் நூப், அச்சங்கிலியின் நுனியில் எளிதில் சிதையாத பென்சீன் வளையத்தை அடையாளமாகப் பூட்டி நாய்களுக்கு ஊட்டினார். ஒற்றைப்படைச் சங்கிலிகள் சிறுநீரில் ஒருவகை எச்சத்தையும் இரட்டைப்படைச் சங்கிலிகள் வேறுவகை எச்சத்தையும் தந்தன. ஆகவே உடல் இரண்டிரண்டு அணுக்களாக வெட்டுகிறது என்று அவர் தெளிந்தார்.

செம்பனை எண்ணெயின் பால்மிட்டிக் அமிலத்தில் 16 அணுக்கள். 7 வெட்டுகளில் 8 துண்டுகளாகும். இத்தகைய நீண்ட சங்கிலி உயிரணுவின் உலையாகிய மைட்டோகாண்ட்ரியாவுக்குள் செல்லக் கார்னிட்டின் என்னும் பொருள் சுமந்து செல்லவேண்டும். தேங்காய் எண்ணெயில் ஓரளவுள்ள 8, 10 அணுச் சங்கிலிகளோ பெரும்பாலும் தாமே நுழையும்.

இவ்வுலை அணைந்தால் என்னாகும்? ஜமைக்காவில் பழுக்காத ஆக்கிக் காயை உண்டோர் பலர் வாந்தியெடுத்து மாண்டனர். 1950களில் அக்காயிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஹைப்போகிளைசின், கொழுப்பை வெட்டும் நொதிகளை முடக்குவது பின்னர்த் தெரிந்தது. அதையொத்த நஞ்சொன்று 1962இல் லிச்சிக் கொட்டையிலும் காணப்பட்டது.

பீகாரின் முசாபர்பூரில் 1995 முதற்கொண்டு லிச்சிப் பருவத்தில் பிள்ளைகள் விடியற்காலையில் வலிப்புற்று இறந்தனர். கிருமியோ, வெப்பமோ, பூச்சிமருந்தோ எனப் பலரும் ஐயுற்றனர். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய வைரஸ் ஆய்வறிஞர் ஜேக்கப் ஜான், லிச்சியின் நஞ்சு காரணமாகலாம் எனச் சுட்டினார். 2014இல் அங்கே இரு மருத்துவமனைகளில் சேர்ந்த 390 பேரில் 122 பேர் மாண்டனர். அவ்வாண்டு நடந்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. லிச்சி உண்பதோடு நோய்க்குத் தொடர்புண்டு என்றும், இரவு உணவு கொள்ளாவிடில் அத்தொடர்பு வலுக்கும் என்றும் அது காட்டிற்று. சர்க்கரையும் தீர்ந்து, கொழுப்பும் எரியாமல் தடைப்பட்டால் மூளை எதைக்கொண்டு வாழும்?

இரவு உணவு கொடுங்கள், நோயுற்றால் உடனே குளுக்கோஸ் ஏற்றுங்கள் என்பதே அறிஞர் கூறிய வழி. ஆயினும் 2019இல் மீண்டும் 100க்கு மேற்பட்ட பிள்ளைகள் பீகாரில் மாண்டனர். அறிவு ஏட்டில் இருந்தால் போதாது. அது பிள்ளையின் தட்டில் சோறாக விழவேண்டும்.