விஞ்ஞானக் கதை மகாநாட்டின் வாயில்

நூல் வாசிப்பவன் இயல்பாகவே தனிமை விரும்பி. விளக்கடியில் அமர்ந்து ஏட்டைப் புரட்டுபவனுக்குத் துணை வேண்டுவதில்லை. துணை வந்தால் அதனை இடையூறென்றே கருதுவான். ஆயினும் ஒரு வகைக் கதைகளை வாசித்தோர் மட்டும், கதை முடிந்ததும் தம்மைப் போல வாசித்த பிறரைத் தேடிப் புறப்பட்டனர். முதலில் ஊர் விட்டு ஊர் சென்றனர். பின்னர் கடல் கடந்தும் சென்றனர். சந்திர மண்டலப் பயணம், செவ்வாய்க் கிரகவாசிகள், நூறாண்டுக்கு அப்பாலுள்ள நகரங்கள் ஆகியவற்றைப் பேசும் விஞ்ஞானப் புனைகதைகளே அவை. அவற்றின் இரசிகர்கள் கூடும் உலக மகாநாடு 1939 ஆம் ஆண்டிலே தொடங்கிற்று. இரண்டாம் உலகப் போரினால் 1942 முதல் 1945 வரை தடைப்பட்டதைத் தவிர, அது ஆண்டு தவறாது நடந்து வருகின்றது.

இதற்கு வித்திட்டவர் ஒரு வானொலி வியாபாரி என்பது வானொலி நேயர்களுக்கு உவப்பான செய்தியாகலாம். லக்சம்பேர்க் நாட்டிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஹியூகோ கேர்ண்ஸ்பாக், வானொலி உதிரிப்பாகங்களை விற்றும், வானொலி பற்றிய சஞ்சிகைகளை வெளியிட்டும் வாழ்ந்தவர். அவர் 1926 ஏப்பிரலில் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ என்னும் சஞ்சிகையைத் தொடங்கினார். விஞ்ஞானக் கதைகளுக்கென்றே அமைந்த முதல் ஆங்கிலச் சஞ்சிகை அதுவே. அதிலே வாசகர் கடிதங்களை வெளியிட்டபோது, எழுதியவரின் பெயரோடு முழு முகவரியையும் அச்சிட்டார். இச்சிறு வழக்கம் பெரும் பயன் விளைத்தது. ஒரே ஊரில், ஒருவரை ஒருவர் அறியாது, ஒரே கதையை வாசித்துக்கொண்டிருந்த இளைஞர்கள் சஞ்சிகையின் பின்பக்கத்திலே அண்டை அயலாரைக் கண்டெடுத்தனர். கடிதப் போக்குவரத்து வளர்ந்தது, சங்கங்கள் தோன்றின. பொருளாதார மந்தம் அமெரிக்காவை வாட்டிய அக்காலத்தில், கையிற் காசில்லாத பள்ளி மாணவர் பலர் ரோணியோ இயந்திரத்திலே தாமே பத்திரிகை அச்சிட்டு ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டனர்.

கடிதத்தில் அறிந்தவரை நேரிற் காணும் விருப்பம் எழுதல் இயல்பன்றோ? 1936 இன் இலையுதிர் காலத்தில் நியூயோர்க் இளைஞர் சிலர் புகைவண்டியேறிப் பிலடெல்பியா நண்பர்களைக் காணச் சென்றனர். அடுத்து 1937 ஜனவரி 3 ஆம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலே பிரமஞான சபை மண்டபத்தில் முன்னறிவித்தலோடு ஒரு மகாநாடு கூட்டப்பெற்றது. வந்தோர் இருபது பேருக்கு மேற்படவில்லை. முதல் மகாநாடு என்னும் பெயருக்கு உரியது எது என்பதிலே அமெரிக்கரும் ஆங்கிலேயரும் இன்றும் வழக்காடுவர். அவ்வழக்கு இங்கே தீர்க்க வேண்டியதன்று. லீட்ஸ் நகருக்கு வந்த அச்சிலருள் பத்தொன்பது வயது நிரம்பிய ஆதர் கிளார்க் என்னும் இளைஞரும் இருந்தார் என்பதே குறிக்கத்தக்கது. 1956 முதல் இலங்கையைத் தம் வாழ்விடமாகக் கொண்டு, 2008 இல் கொழும்பிலே காலமான ஆதர் சி. கிளார்க் இவரே.

உலக மகாநாடு என்று பெயர் சூட்டப்பெற்ற முதற்கூட்டம் நியூயோர்க்கில் 1939 ஜூலை 2, 3, 4 ஆகிய நாட்களில் நடந்தது. ‘நாளைய உலகம்’ என்னும் கருப்பொருளோடு அவ்வாண்டு அந்நகரிலே பெரும் உலகக் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. அதையொட்டியே இம்மகாநாட்டுக்கு ‘உலக’ என்னும் அடை வந்து சேர்ந்தது. உண்மையில் வந்தோர் சுமார் இருநூறு பேர். ஏறக்குறைய அனைவரும் அமெரிக்கர். அமைப்பாளர்களோ இளைஞர்கள். மண்டபத்தின் பெயர் கரவன் மண்டபம். சிறப்பு விருந்தினராக அவர்கள் அழைத்தது எழுத்தாளரையன்று. சஞ்சிகை அட்டைகளில் விண்கலங்களையும் விந்தை நகரங்களையும் தீட்டிய ஓவியர் பிராங்க் போலையே அழைத்தனர். ‘மெற்றோபொலிஸ்’ என்னும் ஜேர்மன் மௌனப்படம் காட்டப்பெற்றது. சஞ்சிகைகளுக்கு வரையப்பெற்ற மூல ஓவியங்கள் ஏலத்தில் விடப்பெற்றன.

தூரத்திலிருந்து வந்தவருள் இருவகையினரைக் கூறவேண்டும். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் தெருமுனையிற் செய்தித்தாள் விற்றுக்கொண்டிருந்த பதினெட்டு வயது றே பிராட்பரி, பயணச் செலவைக் கடனாகப் பெற்று, பஸ் வண்டியிலே கண்டத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு வந்தார். தம் கதைகளைக் காட்டுவதோடு அமையாது, ஹானெஸ் பொக் என்னும் ஏழை நண்பரின் ஓவியங்களையும் பத்திரிகாசிரியர்களிடம் காட்டுவதற்காகச் சுமந்து வந்தார். அவ்வாண்டு டிசெம்பரிலேயே நண்பரின் ஓவியம் ஒரு சஞ்சிகையின் அட்டையில் வெளிவந்தது. பிராட்பரிக்குக் கடன் கொடுத்தவர் பொரெஸ்ட் அக்கர்மன். அவர் தாமும் வந்தார். வந்தவர் இருபத்தைந்தாம் நூற்றாண்டின் மனிதர் போல மேலங்கியும் விசித்திர உடையும் தரித்து நகரவீதியிலே உலாவினார். உடன் வந்த மேர்ட்டில் டக்ளசும் அவ்வாறே உடுத்தியிருந்தார். இன்று உலகெங்கும் மகாநாடுகளிலே ஆயிரக்கணக்கானோர் வேடம் புனைந்து வருவதற்கு இதுவே தொடக்கம் என்பர். அக்கர்மனின் பெயர் நெடுங்காலம் புகழப்பெற்றது. அவ்வுடைகளை அமைத்துத் தைத்தவர் டக்ளஸ் அம்மையாரே என்பதைப் பலர் மறந்தனர். அண்மைக் காலத்திலேதான் அவருக்குரிய இடம் வழங்கப்பெற்றது. தைத்த கை மறக்கப்படுவதும் உடுத்த மேனி நினைக்கப்படுவதும் புதிதன்று.

இனி, அம்மண்டபத்தின் வாயிலிலே நடந்ததைக் கூறவேண்டும். நியூயோர்க் இரசிகர்கள் அப்பொழுது இரு பிரிவினராகப் பிளவுண்டிருந்தனர். சாம் மொஸ்கோவிற்சும் அவர் தோழர்களும் ஒரு சாரார். மகாநாட்டை நடத்தியோர் இவர்களே. ‘பியூச்சரியன்ஸ்’, அதாவது வருங்காலத்தார் என்று தம்மை அழைத்துக்கொண்டவர்கள் மறு சாரார். பாசிசம் தலையெடுத்த அக்காலத்திலே கதை இரசிகரும் அரசியலில் ஒரு பக்கம் நிற்றல் வேண்டும் என்பது இவர்களுட் பலரின் கொள்கை. கதையின்பத்துக்கு அரசியல் எதற்கு என்பது மற்றவர் கொள்கை. கொள்கைப் பகையோடு தலைமைப் போட்டியும் கலந்திருந்தது என்பதை மறைக்க வேண்டுவதில்லை.

மகாநாட்டின் முதல் நாள் மண்டப வாயிலிலே வருங்காலத்தார் சிலர் தடுக்கப்பெற்றனர். வெப்பமூட்டும் குழாயின் கீழே மறைத்து வைக்கப்பட்டிருந்த மஞ்சள் நிறத் துண்டுப்பிரசுரக் கட்டு ஒன்று அமைப்பாளர் கைக்கு அகப்பட்டிருந்தது. மகாநாட்டை நடத்துவோர் சர்வாதிகாரிகள் என்று அப்பிரசுரம் எச்சரித்தது. இடையூறு செய்வதில்லை என்று வாக்குறுதி அளித்தால் உள்ளே வரலாம் என்றனர் அமைப்பாளர். குற்றம் செய்யாதவன் எதற்கு வாக்குறுதி அளிப்பது என்று மறுத்தனர் வந்தவர். முடிவிலே டொனால்ட் வொல்கைம், பிரெடெரிக் போல், சிரில் கோர்ண்புளுத், றொபட் லௌண்டஸ், ஜோன் மிச்செல், ஜாக் கில்லெஸ்பி ஆகிய அறுவரும் வெளியே நிறுத்தப்பெற்றனர். அவர்கள் சிற்றுண்டிச்சாலை ஒன்றிலே அமர்ந்து, உள்ளேயிருந்து வெளிவருவோரோடு உரையாடிப் பொழுது போக்கினர். அதே கூட்டத்தைச் சேர்ந்த ஐசாக் அசிமோவ் தடையின்றி உள்ளே சென்றார். வேடிக்கை யாதெனின், பிரசுரத்தை எழுதி அச்சிட்ட டேவிட் கைல் என்பவரும் உள்ளேயே இருந்தார்! அவரே அதை எழுதியவர் என்பது வாயில் காத்தோருக்குத் தெரியாது.

எதிர்காலத்தை ஆராய வந்தோர் முதலிற் செய்தது கதவடைத்தலே என்று நகையாடுதல் எளிது. எனினும் கட்டுப்பாடின்றி ஒரு கூட்டத்தை நடத்தவும் இயலாது. பத்தொன்பது வயது இளைஞர் தம் கைக்காசை இட்டு எடுத்த விழாவிலே குழப்பம் நேருமோ என்று அஞ்சியதை முற்றாகக் குறை கூற முடியாது. ஆனால் குழப்பம் செய்தவரைத் தடுத்தல் வேறு. செய்யக்கூடும் என்று எண்ணித் தடுத்தல் வேறு. அன்று தடுக்கப்பட்டோர் செய்தது இன்னதென்று ஒருவராலும் காட்ட முடியவில்லை. வெளியே நின்றவர்களோ சாமானியரல்லர். வொல்கைம் பெரும் பதிப்பாளரானார். போலும் கோர்ண்புளுத்தும் இணைந்து எழுதிய நாவல்கள் புகழ் பெற்றன. 1939 இல் வாயிலில் நிறுத்தப்பட்ட போல், 1972 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் உலக மகாநாட்டின் சிறப்பு விருந்தினராக மேடையேறினார். வொல்கைமுக்கு அப்பெருமை 1988 இல் நியூ ஓர்லியன்சிலே கிடைத்தது.

டேவிட் கைலின் கதை இன்னும் சுவையானது. 1956 இல் உலக மகாநாடு மீண்டும் நியூயோர்க்குக்கு வந்தபோது அதன் தலைவர் அவரே. சிறப்பு விருந்தினர், லீட்ஸ் மண்டபத்திலே இளைஞராக இருந்த ஆதர் கிளார்க். ‘நட்சத்திரம்’ என்னும் சிறுகதைக்காக அம்மகாநாட்டிலே அவர் விருதும் பெற்றார். விருந்தின் பின் நிகழும் சொற்பொழிவுகளைக் கேட்க, விருந்துச் சீட்டு வாங்காத சிலர் வந்து அமர முற்பட்டனர். ‘இங்கே அமரலாகாது என்று டேவ் கைல் சொல்லுகிறார்’ என்று அவர்களுக்குக் கூறப்பட்டது. கேட்டோர் அதை மறக்கவில்லை. இரசிகர் வட்டாரத்திலே அது பழமொழியாகிவிட்டது. பல்லாண்டு கழிந்தும் மகாநாடுகளிலே எவரேனும் நாற்காலியைத் தேடினால் இவ்வாக்கியத்தைச் சொல்லிச் சிரிப்பர். சர்வாதிகாரத்தை எதிர்த்துப் பிரசுரம் அச்சிட்ட கைக்குத் திறவுகோல் வந்ததும் நேர்ந்தது இது.

வாயிலைத் திறந்துவிட்ட வரலாறும் இம்மகாநாட்டுக்கு உண்டு. வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரிலே வால்ட் வில்லிஸ் என்பவர் கையாலே எழுத்துக் கோத்து ஓர் இரசிகர் பத்திரிகை அச்சிட்டு வந்தார். அதனை வாசித்து மகிழ்ந்த அமெரிக்கர், தாம் நேரிற் கண்டறியாத அவரை 1952 ஆம் ஆண்டு சிக்காகோ மகாநாட்டுக்கு வரவழைக்கச் சிறுசிறு தொகையாகப் பணம் சேர்த்தனர். அவரும் கப்பலேறி வந்தார். அதன் பின் அத்திலாந்திக்கின் இரு கரைகளிலுமுள்ள இரசிகர் வாக்களித்து ஒருவரைத் தெரிந்தனுப்பும் நிதியம் ஒன்று நிலையாக அமைந்தது. 1957 இல் உலக மகாநாடு முதன்முறையாக லண்டனிலே கூடியபோது, 1939 இல் நியூயோர்க் மண்டபத்திலிருந்த றொபட் மாடல் அந்நிதியத்தின் உதவியோடு அங்கே சென்றார். 1970 இல் ஜேர்மனியின் ஹைடல்பேர்க், 1975 இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேண், 2007 இல் யப்பானின் யோக்கோஹாமா என ‘உலக’ என்ற சொல் மெல்ல மெல்லப் பொருளுடையதாயிற்று.

இத்தகைய மகாநாட்டை நடத்துவோர் யாவர் என்னும் கேள்வி நியாயமானது. அதற்கு உரிமையாளர் இல்லை. நிலையான காரியாலயமும் இல்லை. ஒவ்வோராண்டும் ஓர் ஊர்க் குழுவினர் ஊதியமின்றி அதனை நடத்துவர். பணம் செலுத்துவோர் நுழைவுச்சீட்டு வாங்குவோரல்லர், அங்கத்தவராவர். அடுத்து எந்த ஊரிலே கூடுவது என்பதை அவர்களே வாக்களித்துத் தீர்மானிப்பர். கேர்ண்ஸ்பாக்கின் பெயரால் 1953 இல் தொடங்கிய ஹியூகோ விருதுகளையும் அவர்களே வாக்களித்து வழங்குவர். வர இயலாதவர் குறைந்த தொகை செலுத்தித் தூரத்திலிருந்தே விருதுக்கு வாக்களிக்கலாம். பேராசிரியர் குழு தீர்ப்பளிப்பதில்லை, வாசகனே நீதிபதி. 2016, 2017, 2018 ஆகிய மூன்றாண்டும் தொடர்ந்து சிறந்த நாவலுக்கான விருதைப் பெற்ற என். கே. ஜெமிசின் என்னும் கறுப்பின அம்மையாரை அம்மேடைக்கு அனுப்பியது வாசகர் வாக்கே.

பெருங்கூட்டம் பிற இடங்களிலே சேர்ந்தது. 1966 செப்டெம்பரிலே, ‘ஸ்டார் ட்ரெக்’ தொலைக்காட்சித் தொடர் ஒளிபரப்பாவதற்குச் சில நாள் முன்னர், அதனை ஆக்கிய ஜீன் றொடன்பரி கிளீவ்லாந்து உலக மகாநாட்டிலே அதைக் காட்டினார். 1972 ஜனவரியில் அத்தொடரின் இரசிகர் நியூயோர்க்கிலே தனியே கூடியபோது சில நூறு பேரை எதிர்பார்த்த அமைப்பாளர் முன் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் வந்து நின்றனர். 1970 ஓகஸ்டில் சான் டியேகோ நகரில் ஏறக்குறைய முந்நூறு பேரோடு தொடங்கிய சித்திரக்கதை மகாநாட்டுக்கு இக்காலத்திலே ஒரு இலட்சத்து முப்பதாயிரம் பேரளவில் வருகின்றனர். திரைப்பட நிறுவனங்கள் தம் சரக்கை அறிமுகப்படுத்தும் சந்தையாகவும் அது ஆகிவிட்டது. உலக மகாநாடோ 1984 இல் லொஸ் ஏஞ்சல்சிலே எண்ணாயிரத்தைச் சற்றுக் கடந்தது. அமெரிக்காவிலே அதனினும் பெரிய கூட்டம் அதற்குப் பின் வாய்க்கவில்லை. கூட்டத்தின் அளவால் இதன் பெருமையை அளத்தல் பொருந்தாது. சந்தையிலே வாங்குபவனுக்கு வாக்குரிமை ஏது?

அவ்வாக்குரிமைக்கே 2023 இல் சோதனை வந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் சீனாவின் செங்டு நகரிலே மகாநாடு சிறப்புற நடந்தது. சீன இளைஞர் திரளாக வந்தனர். ஆயின் 2024 ஜனவரியிலே வாக்கு விவரங்கள் வெளியானபோது, போதிய வாக்குப் பெற்ற ஆக்கங்கள் சில, காரணம் கூறப்படாமலே தகுதியற்றவை என்று நீக்கப்பட்டிருந்தமை தெரிய வந்தது. றெபெக்கா குவாங் எழுதிய ‘பாபெல்’ என்னும் நாவல் அவற்றுள் ஒன்று. விருது நிர்வாகிகளுட் சிலர், போட்டியாளரின் எழுத்துக்களிலே சீன அரசியல் சார்ந்தவற்றைத் துருவி ஆராய்ந்தமை, அடுத்த மாதம் வெளிப்பட்ட கடிதங்களாலே அறியப்பட்டது. அவர்களுள் மேலை நாட்டாரும் இருந்தனர். செய்யக்கூடியதை எண்ணி முன்கூட்டியே தடுக்கும் பழைய வழக்கம் கரவன் மண்டப வாயிலிலிருந்து எண்பத்து நான்கு ஆண்டு கடந்து வந்து சேர்ந்தது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. 1939 இல் தடுக்கப்பட்டோர் தம்மைத் தடுத்தவரை முகத்துக்கு முகம் கண்டனர். இம்முறை கதவடைபட்டதையே பல மாதம் வெளியார் யாரும் அறியவில்லை.

2024 ஓகஸ்டில் மகாநாடு ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரிலே கூடிற்று. அங்கும் வாக்குகள் நீக்கப்பட்டன. ஒருவரை வெல்லவைக்கும் பொருட்டுப் போலிப் பெயர்களிலே அளிக்கப்பட்ட 377 வாக்குகள் கண்டுபிடிக்கப்பட்டன. விருது வழங்குவதற்கு முன்னரே நிர்வாகிகள் அத்தொகையையும், நீக்கியதற்கான காரணத்தையும் பகிரங்கமாக அறிவித்தனர்.