ஒண்ணரை வயசுக் குட்டியோடு பேச நேரமில்லையா? வேலைக்கு நடுவிலேயே பேசலாம்!

விருதுநகர் மாவட்டம் தாயில்பட்டி மாதிரி ஊர்களில், பட்டாசு வேலை முடிந்து சாயங்காலம் வீடு திரும்பினால் அடுத்த வேலைகள் வரிசைகட்டி நிற்கும். தண்ணி பிடிக்கணும், உலை வைக்கணும். காலைக் கட்டிக்கிட்டு அழும் குட்டியிடம் போனைக் கொடுப்பது சுலபம்தான். ஆனால், 2 வயதுக்கு முன் திரையே வேண்டாம். 2 வயதில் நாளுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டல். குழந்தைக்குப் பேச்சு வருவது உங்கள் முகம் பார்த்து, பதில் வாங்கித்தான். அதற்குத் தனி நேரம் தேவையில்லை.

முதலில் குளியல்

பட்டாசு மருந்து கையிலும் உடுப்பிலும் முடியிலும் ஒட்டியிருக்கும். குட்டியோ எதையும் வாயில் வைக்கும் வயசு. சோப்பு போட்டுக் குளித்து, உடுப்பு மாற்றிய பிறகே தூக்குங்க. வேலை உடுப்பைத் தனியாகத் துவையுங்க. திரி, மருந்து எதையும் வீட்டுக்குக் கொண்டுவராதீங்க. `அம்மா குளிச்சிட்டு வந்து தூக்குறேன்' என்று சொல்லிவிட்டுப் போங்க. சொன்னபடியே வந்து தூக்குங்க. சொன்னால் அம்மா வருவாங்க என்ற நம்பிக்கையும் வளர்ச்சிதான்.

செய்வதைச் சொல்லுங்க

`வெங்காயம் உரிக்கிறேன், கண்ணு எரியுது', `குடம் நிறைஞ்சிருச்சு'. நீங்கள் செய்வதைப் பார்த்துக்கொண்டே கேட்கும்போது சொல்லும் பொருளும் சேர்ந்து பதியும்.

காத்திருங்க

`என்ன வேணும்?' என்று கேட்டால், மனசுக்குள் ஐந்து எண்ணுங்க. `ண்ணி' என்று வந்தால் கேலி செய்யாமல், `ஆமா, தண்ணி! குடிக்கத் தண்ணி வேணுமா?' என்று கூட்டிச் சொல்லுங்க. விரலை நீட்டிக் காட்டினாலும் அது பேச்சுதான்.

சின்ன வேலை கொடுங்க

`தட்டு எடுத்துட்டு வா', `துணியைக் கூடையில போடு'. அடுப்பு, கத்தி, தண்ணீர்த் தொட்டி பக்கம் மட்டும் விடாதீங்க.

பகலில் யாரிடம்?

குட்டியைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியிடமும் இதைச் சொல்லுங்க. காக்கா காட்டிச் சோறு ஊட்டுவது அருமையான பாடம். 2 வயதானதும் அங்கன்வாடியில் சேர்க்கலாம்.

எப்போது கேட்கணும்?

2 வயதாகியும் `அம்மா வா' மாதிரி இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை, பேசிய சொற்கள் மறைகின்றன என்றால், `போகப்போகப் பேசும்' என்று விடாதீங்க. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் காட்டி, காது கேட்கும் திறனையும் பரிசோதிக்கச் சொல்லுங்க.

இன்றைக்கு உலை கொதிக்கும் நேரத்திலேயே ஆரம்பிக்கலாமே!