சான்றிதழ் பெறாத தொழிலறிவு

சிரம்பானிலிருந்து கோலா கிளாவாங்கிற்குச் செல்லும் சாலை, புக்கிட் தங்கா மலைச்சரிவில் வளைந்து வளைந்து ஏறி, ஜெலுபுப் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. ஜெலுபு மாவட்டத்தின் தலைநகரான கோலா கிளாவாங், மலாய் மக்களின் அடாட் மரபுக்குப் பெயர் பெற்ற ஊர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வட்டாரத்து ஈயம் சீனத் தொழிலாளரை இங்கே அழைத்து வந்தது. 20ஆம் நூற்றாண்டு பிறந்தபின் நெகிரி செம்பிலான் எங்கும் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. அவற்றின் லயங்களில் தமிழ்ப் பாட்டாளி மக்கள் குடியேறினர். இம்மாநிலத்தின் வரலாற்றை எழுதுவோர் ஈயத்தையும் இரப்பரையும் மறவாமல் குறிப்பிடுவர். அவ்விரண்டுக்கும் அப்பால், எந்தக் கணக்கேட்டிலும் ஏறாத செல்வம் ஒன்று இங்கே இருந்தது. அது நம் தோட்டத்து மக்களின் தொழிலறிவு. அச்செல்வம் ஏன் கல்வியாக மலரவில்லை, இன்று மலர்வதற்கு என்ன வழி உண்டு என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இக்காலத்துத் தொழிற்கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் ‘உற்பத்திப் பொறியியல்’ என்றொரு துறை பயிற்றுவிக்கப்படுகிறது. இயந்திரப் பொறியியலுக்கு இது நெருங்கிய உறவு. ஆயினும் தனித்த நோக்கம் உடையது. ஒரு பொருளை எவ்வாறு வடிவமைப்பது என்பதோடு நில்லாமல், அதே பொருளை ஆயிரம் முறை, ஒரே அளவில், ஒரே தரத்தில், குறைந்த செலவில், சேதமின்றி எவ்வாறு செய்வது என்று ஆராய்வது இத்துறை. எந்த வேலைக்குப்பின் எந்த வேலை, எந்த இயந்திரத்தை எங்கே நிறுத்துவது, அளவில் எவ்வளவு வேறுபாடு வரை ஏற்கலாம், குறை நேர்ந்தால் அது எந்தக் கட்டத்தில் நேர்ந்தது என்னும் வினாக்களே இதன் உயிர்நாடி. உலோகம் கடைதல், வார்ப்பு, பற்றவைப்பு, நுண்ணளவையியல், கணினி வழி இயங்கும் எந்திரங்கள், தரக்கட்டுப்பாடு ஆகியன இதன் பாடங்கள்.

இவ்வினாக்கள் நம் முன்னோர்க்குப் புதியவை அல்ல. தோட்டத்துப் பால் கொட்டகையில் ஒவ்வொரு நாளும் அவற்றுக்கு விடை காணப்பட்டது. வெட்டுக்காட்டிலிருந்து வந்த பாலை வடிகட்டி, அளவறிந்து நீர் கலந்து, ஃபார்மிக் அமிலம் சேர்த்துத் தொட்டிகளில் உறையவைப்பர். அமிலம் மிகுந்தால் கட்டி இறுகும், குறைந்தால் உறையாது. உறைந்த கட்டியை வழவழப்பான உருளைகளின் இடையே பலமுறை செலுத்தி, ஒவ்வொரு முறையும் இடைவெளியைச் சுருக்கி, ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர்க் கனத்துக்குக் கொண்டுவருவர். இறுதி உருளையில் வெட்டப்பட்டிருக்கும் வரிகள் தகட்டின்மேல் பதியும். அவ்வரிகள் அழகுக்காக இடப்பட்டவை அல்ல. தகட்டின் மேற்பரப்பை மிகுதியாக்கி விரைவில் உலரச் செய்வதற்கும், தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருப்பதற்கும் அமைந்தவை. பின்னர்ப் புகைவீட்டில் சில நாள்கள் அளவான வெப்பத்தில் தொங்கவிடுவர். வெப்பம் எல்லை மீறினால் குமிழி தோன்றும்; குறைந்தால் பூஞ்சை பற்றும். கடைசியில் ஒவ்வொரு தகட்டையும் ஒளிக்கு நேரே பிடித்துப் பார்த்து, முதல் தரம் தொட்டு ஐந்தாம் தரம் வரை பிரிப்பர்.

இதனைக் கூர்ந்து நோக்குக. மூலப்பொருளின் அளவீடு, செய்முறை வரிசை, எந்திரத்தின் இடைவெளி, வெப்பக் கட்டுப்பாடு, இறுதித் தரச்சோதனை என்று உற்பத்திப் பொறியியலின் அடிப்படைக் கூறுகள் யாவும் இங்கே உள்ளன. கொட்டகையில் உருளை பழுதுபட்டால் அதைப் பிரித்துப் பூட்டுபவரும், எந்திரத்தின் ஓசையைக் கேட்டே தேய்ந்த உருளைத்தாங்கியைக் கண்டுபிடிப்பவரும் நம்மவருள் இருந்தனர். அவர்களுக்குச் சூத்திரம் தெரியாது, காரணம் தெரியும். எழுதத் தெரியாது, செய்யத் தெரியும்.

1965ஆம் ஆண்டில் மலேசிய இரப்பர்த் தொழிலில் ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்தது. கண்ணால் பார்த்துத் தரம் பிரித்த பழைய முறைக்கு மாறாக, அழுக்கின் அளவு, சாம்பலின் அளவு முதலியவற்றை ஆய்வுக்கூடத்தில் சோதித்துச் சான்று வழங்கும் ‘தரப்படுத்தப்பட்ட மலேசிய இரப்பர்’ என்னும் திட்டம் அறிமுகமாயிற்று. கட்டிகளாக அழுத்தப்பட்ட இரப்பர், தன் தரத்தைக் கூறும் சான்றுடன் உலகச் சந்தைக்குச் சென்றது. இரப்பருக்குச் சான்றிதழ் கிடைத்தது. அதனைச் செய்த கைகளுக்குக் கிடைக்கவில்லை. நம் சமுதாயத்தின் கல்வி வரலாற்றைச் சுருக்கிச் சொல்ல வேண்டுமாயின் இந்த ஒரு வாக்கியம் போதும்.

ஏன் கிடைக்கவில்லை? இவ்வினாவிற்கு விடை காணப் பள்ளிக்கூடத்தின் கதையைப் பார்க்க வேண்டும். மலாய்க் கூட்டு மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஒரே இனத்தைச் சேர்ந்த பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள தோட்டத்தில் பள்ளிக்கூடம் அமைக்க வேண்டும் என்று முதலாளிகளைப் பணித்தது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பல்கிப் பெருகியதற்கு அச்சட்டம் பெருந்துணை செய்தது. அந்த நன்றியை நாம் மறப்பதற்கில்லை. ஆயினும் அப்பள்ளிகள் தொடக்கக் கல்வியோடு நின்றன. எழுத்தும் எண்ணும் கற்ற பிள்ளை, பள்ளியை விட்டதும் மங்கு துடைக்கச் சென்றது. பள்ளிக்கும் பால் கொட்டகைக்கும் இடையே நூறு கெசத் தொலைவே இருந்திருக்கலாம். எனினும் ஒன்றில் கற்ற கணக்கு மற்றொன்றில் இருந்த உருளையைச் சென்று தொடவே இல்லை.

அதே காலத்தில் நகரங்களில் தொழிற்கல்வி துளிர்விடத் தொடங்கியிருந்தது. கோலாலம்பூரில் 1926ஆம் ஆண்டில் அரசாங்கத் தொழிற்பள்ளி திறக்கப்பட்டது. செந்தூலில் இருந்த இரயில்வே மத்தியப் பட்டறையில் இன்ஜின்களும் பெட்டிகளும் பழுது பார்க்கப்பட்டன. ஏராளமான தமிழர் அங்கே உழைத்துக் கைத்திறன் பெற்றனர். செந்தூல் தமிழனுக்குப் பட்டறையே பள்ளியாயிற்று. ஆனால் மலைக்கு அப்பால் தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்குச் செந்தூலும் தொலைவு. கோலாலம்பூர்த் தொழிற்பள்ளியும் தொலைவு.

இவ்விடத்தில் நம் மக்கள் விட்டுவந்த தாயகத்தையும் ஒருகணம் திரும்பிப் பார்ப்பது பயன் தரும். கோலாலம்பூர்த் தொழிற்பள்ளி தோன்றிய அதே 1926ஆம் ஆண்டில், கோயம்புத்தூரில் பி.எஸ்.ஜி. அறநிலையம் நிறுவப்பட்டது. அதன் சார்பில் எழுந்த தொழிற்கூடத்தில் இயந்திரப் பொருள்கள் செய்யப்பட்டன. பின்னர்ப் பாலிடெக்னிக்கும், 1951ஆம் ஆண்டில் தொழில்நுட்பக் கல்லூரியும் அதனோடு இணைந்தன. மாணவன் கற்கும் இடமும் சந்தைக்குப் பொருள் செய்யும் இடமும் ஒரே வளாகத்தில் அமைந்தன. முறையான பள்ளிப் படிப்பை இளமையிலேயே விட்டுவிட்ட ஜி. டி. நாயுடு அவர்கள், 1937ஆம் ஆண்டில் தம் தோழர் பாலசுந்தரத்துடன் சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கினார் என்பர். அவரும் தாம் பெற்ற அறிவைத் தம்மோடு புதைத்துக்கொள்ளாமல் 1945ஆம் ஆண்டில் கோவையில் ஒரு பாலிடெக்னிக் தோன்ற வழிசெய்தார். கோவையில் பட்டறையும் பள்ளியும் கைகோத்தன. இங்கே அவை முகம் திருப்பி நின்றன. மக்களின் திறமையில் வேறுபாடு இல்லை. இரண்டையும் இணைத்த ஏணி அங்கே இருந்தது, இங்கே இல்லை என்பதே வேறுபாடு.

விடுதலைக்குப் பின் இந்நாட்டில் அந்த ஏணியின் படிகள் ஒன்றொன்றாக அமைக்கப்பட்டன. 1964ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் தொழிற்பயிற்சிக் கழகம் தொடங்கப்பட்டது. 1969ஆம் ஆண்டில் ஈப்போவில் நாட்டின் முதல் பாலிடெக்னிக்கான உங்கு ஓமார் தோன்றியது. ஆனால் அதே காலம் தோட்டத் தமிழர்க்கு இடியும் மழையுமாக அமைந்தது. குடியுரிமை பெறாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என்னும் சட்டம் 1968ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த ஆயிரக்கணக்கானோர் தாயகம் திரும்பினர். அவர்களோடு பல்லாண்டுக் கைத்திறனும் கப்பலேறியது. எஞ்சிய பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியிலிருந்து புகுமுக வகுப்புக்கும், அங்கிருந்து இடைநிலைப் பள்ளிக்கும் சென்றனர். மொழி மாற்றத்தில் தடுமாறியவர் பலர். பாதியில் நின்றவர் பலர். தொழிற்கல்விக் கூடத்தின் வாயிற்கதவு திறந்திருந்தும், அதன் படிவரை நடந்து சேர்ந்தவர் சிலரே.

பின்னர் இரப்பர் மரங்கள் சாய்ந்தன, செம்பனை எழுந்தது. செம்பனை ஆலையில் கொதிகலன் உண்டு. 1967ஆம் ஆண்டின் தொழிற்சாலை இயந்திரச் சட்டப்படி, கொதிகலனைத் தகுதிச் சான்றிதழ் பெற்ற ஒருவரே பொறுப்பேற்று இயக்க வேண்டியிருந்தது. இங்கேதான் முதன்முதலாகத் தோட்டத்து மக்கள் ஓர் உண்மையைக் கண்ணாரக் கண்டனர்: கொதிகலனுக்கு விறகும் ஓடும் தள்ளுபவர் ஒருவர், அதன் பக்கத்தில் சான்றிதழோடு நிற்பவர் வேறொருவர். இருவருக்கும் வெப்பம் ஒன்றே; சம்பளம் வேறு. 1970ஆம் ஆண்டுகளில் தொடங்கி, செனாவாங் போன்ற தொழிற்பேட்டைகள் நம் இளைஞரையும் இளம்பெண்களையும் தோட்டத்திலிருந்து அழைத்துக்கொண்டன. அங்கும் பெரும்பாலோர் எந்திரத்தின் முன் நின்றனர். எந்திரத்தை அமைத்தவர் வேறெங்கிருந்தோ வந்தனர்.

இனி, இன்றைய நிலையைக் காண்போம். 1989ஆம் ஆண்டில் தேசியத் தொழிற்பயிற்சி மன்றம் அமைந்தபின், திறன்களைப் படிநிலைப்படுத்தும் முறை உறுதிபெற்றது. 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் அதற்குச் சட்ட வலிமை தந்தது. மலேசியத் திறன் சான்றிதழின் மூன்று படிகள். அவற்றின்மேல் திறன் டிப்ளோமா. அதன்மேல் உயர்நிலை டிப்ளோமா என ஐந்து படிகள் அமைந்துள்ளன. ஜெர்மானிய மரபைத் தழுவி 2005ஆம் ஆண்டில் தொடங்கிய இரட்டைப் பயிற்சி முறையில், மாணவன் தன் காலத்தில் 70 முதல் 80 விழுக்காட்டைத் தொழிற்கூடத்திலும் எஞ்சியதை வகுப்பறையிலும் கழிக்கிறான். 2012ஆம் ஆண்டில் 15 பள்ளிகளில் முன்னோட்டமாகத் தொழிற்கல்விக் கல்லூரி முறை தொடங்கிப் பின் நாடெங்கும் விரிந்தது. ஒரு காலத்தில் எல்லாக் கல்விக்கும் மலை கடந்து செல்ல வேண்டியிருந்த கோலா கிளாவாங்கிலும் இன்று அத்தகைய கல்லூரி ஒன்று உள்ளது. போர்ட்டிக்சனில் பாலிடெக்னிக் உள்ளது. அண்டை மாநிலமான மலாக்காவில் 2000ஆம் ஆண்டில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 2007ஆம் ஆண்டில் முழுப் பல்கலைக்கழகமான நிறுவனம், உற்பத்திப் பொறியியலைத் தன் தனித்துறைகளுள் ஒன்றாகக் கொண்டு வளர்ந்தது. எல்லாக் கல்லூரியிலும் எல்லாத் துறையும் இராது. விண்ணப்பிக்குமுன் தேர்ந்து தெளிய வேண்டும். எனினும் பட்டறையிலிருந்து பட்டம் வரை ஒரு பாதை உண்டு என்பதில் ஐயமில்லை.

இவை எல்லாவற்றினும் என் உள்ளத்தைத் தொட்ட ஏற்பாடு ஒன்று உண்டு. முன்பே தொழில் தெரிந்தவர், வகுப்பறைக்குச் செல்லாமலே, தம் அனுபவத்தைச் சான்றுகளால் மெய்ப்பித்துத் திறன் சான்றிதழ் பெறலாம் என்பதே அது. ‘முந்தைய அடைவை ஏற்றல்’ என்பது அதன் கருத்து. பால் கொட்டகையில் எந்திரத்தின் ஓசையைக் கேட்டே பழுதறிந்த அந்தப் பெரியவர்களுக்கு இவ்வாய்ப்பு அன்று இருந்திருக்குமானால், அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் கதை வேறாக இருந்திருக்கும்.

ஆதலால் ஆசிரியப் பெருமக்களுக்கு மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். முதலாவது, தொழிற்கல்வி தேர்வில் தோற்றவனுக்குரிய கடைசிப் புகலிடம் என்னும் எண்ணத்தை நம் நாவிலிருந்து அகற்ற வேண்டும். உற்பத்திப் பொறியியலில் மேற்செல்லும் மாணவனுக்குக் கணிதமும் தேசிய மொழியும் இன்றியமையாதவை. இவற்றில் வலுவில்லாத பிள்ளை, எவ்வளவு கைத்திறன் பெற்றிருந்தாலும், கீழ்ப்படியிலேயே தேங்கிவிடும். ஆகவே தொழிற்கல்விக்கு ஆயத்தம் செய்வது முதலாம் ஆண்டு வகுப்பிலேயே தொடங்கும் வேலை. இரண்டாவது, ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ என்னும் பாடத்தை நேரம் கடத்தும் பாடமாகக் கருதலாகாது. அளவுகோலைப் பிடித்து ஒரு மில்லிமீட்டர் பிழைக்காக வருந்தக் கற்ற பிள்ளை, பொறியியலின் முதற்பாடத்தைக் கற்றுவிட்டது. மூன்றாவது, தன் தாத்தா என்ன தொழில் செய்தார் என்று மாணவனைக் கேட்டெழுதச் செய்ய வேண்டும். “பால் மரம் வெட்டினார்” என்று ஒரே வரியில் முடிப்பதை ஏற்காமல், எவ்வாறு வெட்டினார், எத்தனை சாய்வில் வெட்டினார், பால் எவ்வாறு தகடாயிற்று என்று எழுதச் சொல்லுங்கள். அந்தக் கட்டுரை தமிழ்ப் பயிற்சியாகவும் அமையும்; தொழில்நுட்பப் பயிற்சியாகவும் அமையும்.

தோட்டங்கள் பல மறைந்துவிட்டன. பால் கொட்டகைகள் இடிந்தன; உருளைகள் பழைய இரும்பாக எடைக்குப் போயின. அவற்றை இயக்கியவர்களின் நினைவு இன்னும் சில முதியோரிடம் எஞ்சியிருக்கிறது. நாம் தொழிலுக்குப் புதியவர் அல்லர், சான்றிதழுக்கே புதியவர். இந்த உண்மையை மாணவன் உணர்ந்தால், கல்லூரிப் பட்டறையில் கடைசல் எந்திரத்தின் முன் முதன்முறை நிற்கும்போது அவன் அந்நியனாக நிற்கமாட்டான்; தன் முன்னோர் பாதியில் விட்ட வேலையைத் தொடர வந்தவனாக நிற்பான்.