தோல் சொல்லும் சேதி

வாடிப்பட்டி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? மேளம்! தோலைத் தட்டிப் பேசவைக்கிற கலை. இந்த வாரம் நாம் பார்க்கப்போவதும் கிட்டத்தட்ட அதே வித்தைதான். என்ன, இது உயிரோடிருக்கும் மனுஷத் தோல்!

மதுரைச் சமவெளியில் வாய்க்கால் ஓரம், தரிசு என்று எங்கே பார்த்தாலும் ஒரு செடி. பொடிப்பொடியாக வெள்ளைப் பூ. பார்த்தீனியம். அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. 1950களில் பூனாவில் கண்ணில் பட்டு, பிறகு நாடெங்கும் பரவியது. களையெடுக்கிறவர்களில் சிலருக்கு இது ஒத்துக்கொள்ளாது. முகம், கழுத்து, முழங்கை மடிப்பு என்று அரிப்பு பிடித்துக்கொள்ளும். வருஷக்கணக்கில் விடாது.

இப்படி ஒருவர் வந்து நின்றால் டாக்டருக்கு இரண்டு கேள்விகள். ஒன்று, எதனால் வந்தது? இரண்டு, தோலுக்குள்ளே என்ன நடக்கிறது?

முதல் கேள்விக்கு 1895லேயே வழி கண்டுபிடித்துவிட்டார், பிரெஸ்லாவ் நகரத்து டாக்டர் ஜோசப் யாடசோன். சந்தேகப்படும் பொருளைக் கொஞ்சமாகத் தோலில் வைத்து ஒட்டிவிடுவது. இன்றைக்கும் பேட்ச் டெஸ்ட் என்று முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பிரித்து, மறுபடியும் ஒருமுறை பார்க்கிறார்கள். அந்த இடம் தடித்துச் சிவந்திருந்தால் எதிரி அகப்பட்டான். கத்தியும் இல்லை, ரத்தமும் இல்லை.

இரண்டாவது கேள்விதான் வம்பு. உள்ளே பார்க்க வேண்டுமானால், கொஞ்சம் தோலை எடுத்தாக வேண்டுமே! இதற்கு 'பயாப்ஸி' என்று 1879ல் பெயர் வைத்தவர் பிரெஞ்சு தோல் மருத்துவர் எர்னெஸ்ட் பெனியே. 1887ல் நியூயார்க் டாக்டர் எட்வர்ட் கீஸ் சின்னதாக ஒரு வட்டக் கத்தியை அறிமுகப்படுத்தினார். பேப்பரில் பஞ்ச் போடுவது மாதிரி, தோலில் ஒரு குட்டி வட்டம். பெரிய காயம் சின்னக் காயமானது. ஆனாலும் மரத்துப்போக ஊசி, பல சமயம் ஒரு தையல், கடைசியில் ஒரு தழும்பு. "சதையை வெட்டி எடுப்பாகளாம்ல" என்று ஒருத்தர் சொன்னால் போதும், பத்துப் பேர் ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டார்கள்.

இந்தப் பயத்தின் அருமை தெரிந்தவர்கள் நம் தொழுநோய் மருத்துவர்கள். அது அலர்ஜி இல்லை, கிருமி நோய். 1873ல் ஹான்சன் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். ஆனால், ஊரே ஒளித்து வைக்கிற நோய் அது. பிலிப்பைன்ஸில் ஹெர்பர்ட் வேட் ஒரு எளிய முறையைப் பரப்பினார். காதுமடலை விரலால் இறுக்கிப் பிடிப்பது. ரத்தம் ஒதுங்கியதும் 5 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் ஆழத்தில் ஒரு கீறல். உள்ளே சுரண்டி வருவதைக் கண்ணாடியில் தடவி, சாயம் ஏற்றினால், கிருமி சிவப்பாகத் தெரியும். தையலே கிடையாது!

செங்கல்பட்டு பக்கம் திருமணியில் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை இருந்தது. 1955ல் அங்கேதான் மத்திய அரசின் தொழுநோய் பயிற்சி, ஆராய்ச்சி நிலையம் வந்தது. அந்தச் சின்னக் கீறலுக்கு எவ்வளவு மதிப்பு தெரியுமா? 1982ல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து சிகிச்சையை அறிவித்தபோது, கிருமி குறைவென்றால் 6 மாதம், அதிகமென்றால் குறைந்தது 2 வருஷம் என்று கணக்கு. எந்தப் பக்கம் என்று தீர்மானிப்பதில் கீறலுக்குப் பெரிய பங்கு. 1990களின் கடைசியில் அதுவும் கட்டாயமில்லை என்றாகி, தேமலை எண்ணினாலே போதும் என்றார்கள். ஐந்து வரை ஒரு வகை, அதற்கு மேல் இன்னொரு வகை.

நான் படித்தது பி.காம். என் பாஷையில் சொன்னால், செலவைக் குறைக்கக் குறைக்க வாடிக்கையாளர் கூடுகிறார். இங்கே செலவு என்பது வலி.

சரி, அலர்ஜிக்கு வருவோம். 1939ல் வுல்ஃப் என்ற ஆய்வாளர் ஒட்டும் டேப்பைத் தோலில் ஒட்டி உரித்துப் பார்த்தார். மேல்தோலின் காய்ந்த செல்கள் அதோடு வந்தன. 1951ல் அமெரிக்காவில் ஹெர்மன் பிங்கஸ், இப்படி உரித்த தோல் எப்படித் திரும்ப வளர்கிறது என்று ஆராய்ந்தார்.  காய்ந்த செல்லில் என்ன இருந்துவிடப் போகிறது?

நிறைய இருந்தது! அணுவணுவாகப் பிரித்துப் பார்க்கும் கருவிகள் வந்த பிறகு, அந்த டேப்பிலிருந்தே ஆர்.என்.ஏ.வையும் புரதத்தையும் எடுக்க முடிந்தது. 2018, 2019ல் அமெரிக்க ஆய்வாளர்கள், எக்ஸிமா வந்த குழந்தைகளின் தோலில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப டேப்பை ஒட்டி உரித்து, எந்த அழற்சி உள்ளே ஓடுகிறது என்று படித்தார்கள். எக்ஸிமாவோடு உணவு அலர்ஜியும் உள்ள குழந்தைகளுக்கு, பார்வைக்கு நன்றாக இருக்கும் தோலே உள்ளுக்குள் மாறியிருந்ததும் தெரிந்தது. ஒரு வேடிக்கை... பயாப்ஸிக்குப் பெயர் வைத்த பெனியேதான், 1892ல் இந்தப் பரம்பரை அரிப்பையும் விவரித்தவர். அவர் சொன்ன நோய்க்கே இப்போது அவர் பெயரிட்ட வெட்டு வேண்டாம் என்கிறார்கள்!

நமக்கு இதில் என்ன? நம் கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. வெள்ளைத் தோலை வைத்து எழுதிய பாடப்புத்தகம் இங்கே ஏமாற்றும். கண்ணுக்குத் தெரியாததை டேப் சொல்லும். கைக்குழந்தைக்கு மருந்து வேலை செய்கிறதா என்று அடிக்கடி பார்க்கவும் முடியும்.

உடனே கடைக்குப் போய் செல்லோடேப் வாங்கிவிடாதீர்கள்! இதற்கென்றே தனி டேப் இருக்கிறது. அதுவும் பெரும்பாலும் ஆராய்ச்சிக்கூடத்தில்தான் பயன்படுகிறது. டேப் எட்டுவது மேலோட்டம் மட்டுமே. புற்றுநோய்ச் சந்தேகம், ஆழத்தில் உள்ள நோய் என்றால் பயாப்ஸிதான். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

அடுத்த முறை டாக்டர் டெஸ்ட் எழுதிக்கொடுத்தால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது எதனால் வந்ததுன்னு பார்க்கிறதுக்கா, உள்ளே என்ன நடக்குதுன்னு பார்க்கிறதுக்கா, டாக்டர்?" பதில் தெரிந்துவிட்டால், பாதி பயம் அங்கேயே போய்விடும்.