சின்ன வண்டி வந்த வழி

நம் குடியிருப்பில் கார் இல்லாத வீடு உண்டு. ஸ்கூட்டரோ மொபெட்டோ இல்லாத வீடு அநேகமாக இல்லை. உழவர் சந்தையில் காய் வாங்க, பேத்தியைப் பள்ளியில் விட, தளி ரோட்டில் மருந்து வாங்க, மாரியம்மன் கோயிலுக்கு ஒரு எட்டு போய்வர என்று தினமும் நாலைந்து தடவை அதை எடுக்கிறோம். தினமும் கையில் இருப்பதாலேயே அதற்கு ஒரு வரலாறு உண்டு என்பது நமக்குத் தோன்றுவதில்லை. அந்த வரலாற்றை இந்த இதழில் சுருக்கமாகச் சொல்கிறேன். முடிவில், நம் சங்கம் தீர்மானிக்க வேண்டிய ஒரு விஷயத்தையும் உங்கள் முன் வைக்கிறேன்.

விமானம் செய்தவர்கள் செய்த ஸ்கூட்டர்

இத்தாலியில் பியாஜியோ என்ற கம்பெனி விமானங்கள் செய்துகொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போரில் அதன் ஆலை குண்டுவீச்சில் நாசமானது. போர் முடிந்த பிறகு விமானத்துக்குத் தேவை இல்லை. ஜனங்களுக்கு வேலைக்குப் போய்வர மலிவாக ஒரு வண்டி தேவைப்பட்டது. அதை வடிவமைக்கும் பொறுப்பு கொராதினோ தஸ்கானியோ என்ற பொறியாளரிடம் வந்தது. அவர் ஹெலிகாப்டர் ஆராய்ச்சி செய்தவர். மோட்டார் சைக்கிள் என்றாலே அவருக்குப் பிடிக்காது. சங்கிலியின் எண்ணெய் துணியில் படுகிறது, காலை வீசிப்போட்டு ஏறவேண்டியிருக்கிறது, பஞ்சர் ஆனால் சக்கரத்தைக் கழற்றுவது பெரும்பாடு என்பவை அவர் கண்ட குறைகள்.

எனவே அவர் இன்ஜினைப் பின்சக்கரத்தின் பக்கத்திலேயே வைத்து மூடினார். முன்னால் கால் வைக்கத் தட்டையான இடம் விட்டார். விமானச் சக்கரத்தைப் போல முன்சக்கரத்தை ஒரே பக்கத்தில் தாங்கும்படி அமைத்தார். 1946-ல் வெளிவந்த அந்த வண்டிதான் வெஸ்பா. இத்தாலிய மொழியில் குளவி என்று பொருள். அடுத்த ஆண்டே மிலான் நகரிலிருந்து லாம்பிரெட்டா வந்தது. வேட்டி கட்டியவரும் சேலை கட்டியவரும் சிரமமில்லாமல் ஏறி உட்காரக்கூடிய ஒரு வண்டி, நம்மை நினைக்காமலே அங்கே பிறந்துவிட்டது.

பணம் இருந்தும் கிடைக்காத காலம்

1948-ல் பஜாஜ் குழுமம் வெஸ்பாவை இறக்குமதி செய்து விற்கத் தொடங்கியது. 1950-களில் பம்பாயில் ஏ.பி.ஐ. கம்பெனி லாம்பிரெட்டாவைப் பூட்டி விற்றது. 1959-ல் பஜாஜுக்கு இங்கேயே தயாரிக்க உரிமம் கிடைத்தது. பியாஜியோவுடன் ஒப்பந்தம் முடிந்த பின், 1972-ல் ராணா பிரதாப்பின் குதிரையின் பெயரோடு சேத்தக் வந்தது.

வண்டி வந்தது, ஆனால் கைக்கு வரவில்லை. எந்தக் கம்பெனி எத்தனை ஸ்கூட்டர் செய்யலாம் என்பதை அரசு உரிமம் தீர்மானித்தது. யாருக்கு எப்படி விற்பது என்பதற்கே 1960-ல் ஒரு கட்டுப்பாட்டு ஆணை போடப்பட்டது. முன்பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு எட்டு, பத்து ஆண்டுகள் காத்திருந்தவர்கள் உண்டு. அரசு ஊழியர்களுக்குத் தனி ஒதுக்கீடு இருந்தது. வெளிநாட்டில் உறவினர் இருந்து டாலரில் பணம் கட்டினால் சீக்கிரம் கிடைத்தது. வரிசையில் நிற்க முடியாதவர்கள், புது வண்டியின் விலையை விட அதிகம் கொடுத்துப் பழைய வண்டியை வாங்கினார்கள். வாங்கியதை விட விற்கும்போது அதிக விலை போன சொத்து, நிலத்துக்கும் தங்கத்துக்கும் அடுத்து அன்று ஸ்கூட்டராகத்தான் இருந்திருக்கும். கல்யாணப் பேச்சில் அது இடம்பிடித்ததில் ஆச்சரியம் இல்லை.

அப்படி வாங்கியவர்கள் யார் என்று நினைத்துப் பாருங்கள். அதிகாரி, டாக்டர், மில் மேனேஜர், கடை முதலாளி. பெரும்பாலும் டவுனுக்குள் இருக்கும் ஆண்கள். கிளட்சும் கியரும் இடது கையில், பிரேக் வலது காலில், கிளம்ப மறுத்தால் வண்டியை ஒருபுறம் சாய்த்து நிமிர்த்தி உதைக்க வேண்டும். பின்னால் ஸ்டெப்னி சக்கரமும் சேர்ந்து நல்ல கனம். வீட்டுப் பெண்களுக்கு அதில் இருந்த இடம் பின்சீட்டு.

ஓசூரிலிருந்து வந்த ஐம்பது

நம் பகுதிக்கு உண்மையான மாற்றம் 1980-ல் வந்தது. மதுரையில் பஸ் விட்டு வளர்ந்த டி.வி.எஸ். குடும்பத்தின் சுந்தரம் கிளேட்டன், அதுவரை லாரி, பஸ்களுக்குப் பிரேக் செய்துவந்த கம்பெனி. அது ஓசூரில் ஆலை அமைத்து டி.வி.எஸ். 50 மொபெட்டை வெளியிட்டது. அதற்கு முன்பே திருப்பதியிலிருந்து சுவேகாவும், 1972 முதல் புனேயிலிருந்து லூனாவும் வந்திருந்தன. இரண்டு பேர் உட்காரக்கூடிய இந்தியாவின் முதல் மொபெட் தங்களுடையது என்று டி.வி.எஸ். கம்பெனி இன்றும் பெருமையாகச் சொல்லும்.

மோட்டாரும் பெடலும் சேர்ந்ததால் மொபெட். பெடலை மிதித்தால் கிளம்பும். பெட்ரோல் தீர்ந்தால் சைக்கிளைப் போல மிதித்தும் வரலாம். கியர் கிடையாது. வேகம் கூடும்போது கிளட்ச் தானே பிடித்துக்கொள்ளும். சைக்கிள் ஓட்டத் தெரிந்தவருக்கு ஒரு மணி நேரத்தில் பழகிவிடும். ஆயில் கலந்த பெட்ரோல், எப்போதாவது பிளக்கில் கரி அடைத்தால் உப்புக்காகிதத்தில் ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான் வைத்தியம்.

இந்த வண்டி கொங்கு நாட்டுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. மற்ற பல மாவட்டங்களில் குடியானவர்கள் ஊருக்குள் வீடும் ஊருக்கு வெளியே நிலமுமாக இருப்பார்கள். நம் பக்கம் பலர் தோட்டத்துச் சாளையிலேயே குடியிருப்பவர்கள். பூளவாடி, குடிமங்கலம், வாளவாடி, தேவனூர்புதூர் என்று எந்தப் பக்கம் போனாலும் வீடுகள் சிதறிக் கிடக்கும். பஸ் வரும் ரோட்டுக்கே இட்டேரியில் இரண்டு, மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். காலையில் பால் சொசைட்டி, அப்புறம் மோட்டார் ரிப்பேர், சாயங்காலம் புண்ணாக்கு மூட்டை. இதற்கெல்லாம் பஸ்ஸை நம்ப முடியாது, சேத்தக் வாங்க வசதி கிடையாது. டி.வி.எஸ். 50 இந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. இருபுறமும் பால் கேன், பின்னால் சோளத்தட்டுக் கட்டு, காலடியில் தேங்காய்ச் சாக்கு என்று அது சுமந்த பாரத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எதிரே அடிக்க, பொள்ளாச்சி ரோட்டில் மேற்கே போகும்போதுதான் அதன் பலம் எவ்வளவு என்று தெரியும். திரும்பி வரும்போது காற்றே தள்ளிக்கொண்டு வந்துவிடும்.

வங்கியில் நான் கிளார்க்காக இருந்த நாட்களில் இந்த மாற்றம் கடன் விண்ணப்பத்திலேயே தெரிந்தது. ஸ்கூட்டர் கடனுக்கு வந்தவர்கள் சம்பளச் சான்றிதழோடு வருவார்கள். மொபெட் கடனுக்கு வந்தவர்கள் பால் சொசைட்டி புத்தகத்தோடு வந்தார்கள். முதல் தடவையாக, மாதச் சம்பளம் இல்லாத ஒருவர் பெயரில் ஆர்.சி. புத்தகம் வந்தது. அவர் வாங்கியது வண்டி என்பதை விட, நாளில் மிச்சமான இரண்டு மணி நேரம் என்று சொல்லலாம்.

பின்னாளில் அது எக்ஸ்.எல். ஆனது. 2015-ல் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினோடு எக்ஸ்.எல். 100 வந்தது. பழைய லூனாவும் சுவேகாவும் பேச்சில் மட்டும் மிஞ்சிய பிறகும் எக்ஸ்.எல். ஓடுகிறது.

சாவி கைமாறியது

1984-ல் கைனடிக் ஹோண்டா வந்தது. பட்டனை அழுத்தினால் கிளம்பும், கியர் இல்லை. இரண்டு புல்லிகளுக்கு நடுவே ஒரு பெல்ட். வேகத்துக்குத் தக்கபடி புல்லியின் அகலம் தானே மாறும். ஓட்டுபவருக்கு ஆக்சிலேட்டரும் பிரேக்கும் போதும். பத்து ஆண்டு கழித்து, 1994-ல், 60 சி.சி. அளவில் டி.வி.எஸ். ஸ்கூட்டி வந்தது. கனம் குறைவு, உயரம் குறைவு. எந்தக் கம்பெனி வண்டியானாலும் கியர் இல்லாவிட்டால் "ஸ்கூட்டி" என்று சொல்லும் வழக்கம் அதிலிருந்து வந்ததுதான்.

அதுவரை பெண்களுக்காகச் சட்டம் யோசித்தது பின்சீட்டு வரைக்கும்தான். பின்னால் இருப்பவரின் துணி சக்கரத்தில் சிக்காமலிருக்க, பின்சக்கரத்தில் பாதியாவது மூடியிருக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. சேலை கார்டு என்கிறோமே, அதுதான். ஸ்கூட்டி வந்தபின் பெண்கள் முன்சீட்டுக்கு வந்தார்கள். டீச்சர், நர்ஸ், விசாலாட்சி கல்லூரி மாணவி, தையல் கடை வைத்திருப்பவர் எல்லோரும் "கொண்டுபோய் விடுங்க" என்று வீட்டில் யாரையும் கேட்காமல் கிளம்பினார்கள்.

1990-களின் இறுதியில் மோட்டார் சைக்கிள் விற்பனை ஸ்கூட்டரை முந்தியது. ஸ்கூட்டர் காலம் முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். 2001-ல் வந்த ஆக்டிவா அதை மாற்றியது. 2018 பிப்ரவரி 24 அன்று தமிழ்நாட்டில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான அம்மா இருசக்கர வாகனத் திட்டம் தொடங்கப்பட்டது. வண்டி விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய், இதில் எது குறைவோ அது மானியம். ஸ்கூட்டர் வாங்க ஒதுக்கீடு வைத்துக் காக்க வைத்த நாட்டில், வாங்கச் சொல்லி அரசே பணம் கொடுத்தது. இதற்கு இடையில் இன்னொன்றும் நடந்தது. ரிட்டயர் ஆன ஆண்கள், மூட்டுவலி வந்தபின், பைக்கை விற்றுவிட்டு வீட்டம்மாவின் ஸ்கூட்டியை இரவல் வாங்கத் தொடங்கினார்கள். யார் யார் என்று பெயர் சொல்ல மாட்டேன்!

வரவோடு செலவும்

பேரேட்டில் வரவை மட்டும் எழுதினால் கணக்கு நேராகாது. 2022-ல் நம் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 சதவீதம் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். ஹெல்மெட் இல்லாமல் போய் இறந்தவர்கள் மட்டும் 50 ஆயிரத்துக்கு மேல். "இங்கே பக்கத்தில்தானே" என்று பால் வாங்கப் போகும்போது ஹெல்மெட்டை வீட்டில் மாட்டிவிட்டுப் போகிறோம். சட்டத்தில் பக்கம், தூரம் என்ற பிரிவு இல்லை. பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

தாத்தா, பாட்டிகளுக்கு இன்னொரு விஷயம். 16 வயது முடிந்தால் ஓட்டலாம் என்ற சலுகை 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு மட்டுமே. பேரன் கேட்கிறான் என்று ஆக்டிவா சாவியைக் கொடுத்தால், 2019-ல் திருத்திய சட்டப்படி பெற்றோருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு.

அடுத்த வரிசை

இப்போது மின்சார ஸ்கூட்டர் காலம். இதிலும் நம் பக்கத்துக்குப் பங்கு உண்டு. 2008-லேயே கோவையில் ஆம்பியர் கம்பெனியைத் தொடங்கியவர் ஹேமலதா அண்ணாமலை என்ற பெண்மணி. 2020-ல் டி.வி.எஸ். ஐக்யூப் வந்தது. ஏத்தர் ஓசூரிலும், ஓலா கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் ஆலை வைத்திருக்கின்றன. சத்தம் இல்லை, புகை இல்லை, உதைக்க வேண்டாம், பங்க்கில் நிற்க வேண்டாம். நாளுக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் டவுனுக்குள் சுற்றும் நம்மைப் போன்றவர்களுக்குப் பொருத்தமான வண்டி.

தனி வீட்டில் இருப்பவர் திண்ணைப் பிளக்கில் சொருகிவிடுவார். நமக்கு மீட்டர் ஒரு பக்கம், வீடு மூன்றாவது மாடியில், வண்டி கீழ்த்தளத்தில். சொந்த மின் இணைப்பிலேயே வண்டியைச் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்துறை 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாகச் சொன்னது. ஆனால் பொது இடத்தில் வயர் இழுக்கச் சங்கம் சம்மதிக்க வேண்டும். ஸ்கூட்டரின் வரலாறு முழுக்க, வண்டிக்கும் வாங்குபவருக்கும் நடுவில் யாராவது ஒருவர் அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது. அன்று ஒதுக்கீடு, பிறகு வீட்டுப் பெரியவர்கள். இன்று அந்த இடத்தில் நாம் உட்கார்ந்திருக்கிறோம்.

தயங்குபவர்களின் கேள்விகள் நியாயமானவை. "என்னிடம் மின்சார வண்டி இல்லை, பொதுக் கரண்ட் பில்லில் நான் ஏன் பங்கு தர வேண்டும்?" தர வேண்டியதில்லை. ஒவ்வொரு பிளக்குக்கும் சப் மீட்டர் வைத்து, அவரவர் ஓடிய யூனிட்டுக்கு அவரவர் கட்டலாம். ஒரு முழு சார்ஜுக்குச் சராசரி ஸ்கூட்டர் இழுப்பது 2 முதல் 4 யூனிட் வரைதான். கணக்கு வைப்பது கடினமில்லை. "தீப்பிடித்தால்?" அதனால்தான் முறையான வயரிங், எர்த், எம்.சி.பி., காற்றோட்டமான இடம், தீயணைப்பான் எல்லாம் சேர்த்து லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கொண்டு செய்ய வேண்டும் என்கிறேன். அனுமதி தராவிட்டால் வண்டி வாங்குவது நிற்காது. மாடியிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயர் தொங்கும். பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

முதலில் நான்கு பிளக் போதும். செலவு மதிப்பீட்டை வாங்கி வரும் பொதுக்குழுவில் வைக்கும்படி செயலாளரைக் கேட்டிருக்கிறேன். நீங்கள் பெட்ரோல் வண்டியே போதும் என்பவராக இருந்தாலும் கூட்டத்துக்கு வந்து உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.